ஒயரக்காவின் ஐந்து நிமிடம்

எதை மாற்றினாலும் ஒயரக்கா ஐந்து நிமிடம் அந்த இடத்தை விட்டு அசையமாட்டாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொள்வாள். யார் என்ன பேசினாலும் "ம்" மட்டும்தான். வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றினாலும் இதே கதை. "பாய் கொண்டாரட்டுமா, அங்கேயே படுத்துக்கிறியா?" என்பார் வீட்டுக்காரர்.

துறைமுகத்தின் நெட்வொர்க் பதினோரு வருஷமாக அவள் பொறுப்பு; ஒயரோடேயே கிடப்பதால் எல்லாருக்கும் ஒயரக்கா. அன்று காலை கிரேன் திரைகளில் படம் விக்கிக்கொண்டிருந்தது. கிரேன்காரர் உட்கார்ந்திருப்பது கிரேனில் இல்லை, தள்ளி ஒரு மாடி அறையில். கேமராக்கள்தான் அவருக்குக் கண். படங்களைப் பிரித்தனுப்பும் நெட்வொர்க் சுவிட்ச் முப்பது கேமராவின் படத்தையும் கேட்டவர், கேட்காதவர் எல்லாருக்கும் வாரி இறைத்ததில் வழி அடைத்துக்கொண்டது. கேட்டவருக்கு மட்டும் கொடு என்று மாற்றினாள்.

"திரையை ஒருதடவை மூடித் திறங்கண்ணே," என்றாள் வாக்கிடாக்கியில்.

"கண்ணாடி மாதிரி இருக்கு, ஒயரக்கா!" அவளைவிடப் பத்து வயது மூத்தவர், அவருக்கும் அவள் அக்காதான்.

"அஞ்சு நிமிஷம் பொறுங்க."

சூப்பர்வைசரின் குரல் குறுக்கே பாய்ந்தது. "கப்பல் காத்துக்கிட்டு நிக்குது. இங்க என்ன முட்டையா வேகுது? கன்டெய்னர் பெட்டியைத் தூக்குய்யா!"

"தூக்கிட்டேன் சார்," என்றார் கிரேன்காரர்.

பெட்டிக்குக் கீழே அதன் பூட்டுக் கழற்றும் ஆட்கள் இரண்டு பேர் நிற்பார்கள்.

நாலு நிமிஷம் இருபது வினாடி. மடிக்கணினியில் படம் கேட்டவர்களின் பட்டியல் ஒவ்வொரு வரியாக உதிர்ந்து காலியானது.

"ஐயோ, படம் போச்சு!" என்றார் கிரேன்காரர்.

படம் போனால் கிரேன் தானாக நின்றுவிடும். அந்தரத்தில் ஆடும் பெட்டி நிற்காது.

இன்னும் வேண்டுமா என்று யாராவது அவ்வப்போது விசாரித்துக்கொண்டே இருந்தால்தான் சுவிட்ச் பட்டியலை வைத்திருக்கும். இல்லாவிட்டால் துடைத்துப் போட்டுவிடும். விசாரிக்கும் வேலையைப் பார்த்த பழைய கருவியைப் போன வாரம் கழற்றி அலமாரியில் போட்டது யார்? இவளேதான். அந்த வேலையைச் சுவிட்சுக்கே கொடுக்க ஒரே ஒரு வரி போதும். இரண்டு தடவை எழுத்துப் பிசகியது. மூன்றாம் தடவை ஏற்றுக்கொண்டது.

பத்து வினாடி.

"வந்திருச்சு."

"ஆளுங்கண்ணே?"

"நல்லா இருக்காங்க. நீ தண்ணியைக் குடி."

மாலை அறிக்கையில் அவள் 'தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதன்பிறகு மூன்று மாதம் கிரேன்காரரின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கக் கூசினாள்.

பிறகொரு நாள் பஸ் நிறுத்தத்தில் அவர் மனைவிதான் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கு அவரு பெட்டியத் தொடவே இல்லையே! சூப்பர்வைசருக்காக வாயாலதான் தூக்குனேன், ஒயரக்கா சொன்ன அஞ்சு நிமிஷம் முடியிற வரைக்கும் ரெண்டு கையும் மடியிலதான் இருந்துச்சுன்னாரு."