தண்ணீரைப் பிடித்து வைத்த நூல்கள்

"கொஞ்சம் மூச்ச அடக்கிக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தானும் அடக்கிக்கொள்கிறார் போட்டோக்காரம்மா. இடுக்கி நுனியில் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு செம்பு வலை. அதன்மேல் ஒரே ஒரு சொட்டு. வடிதாளின் ஓரத்தால் ஈரத்தை ஒற்றியெடுத்து, வலையை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குள் செருகிய பிறகுதான் அறையில் மற்றவர்கள் மூச்சு விடலாம்.

ஆய்வுக்கூடத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னலில்லாத அறையில், பதினான்கு வருடமாக இந்த இயந்திரம்தான் அவருடைய உலகம். விஞ்ஞானி அல்ல, மாடியில் விஞ்ஞானிகள் செய்வதைப் படமெடுத்துக் கொடுப்பவர். யாராவது கதவை அடித்துச் சாத்தினால் படம் ஆடும். அவர் முகம் அதற்கு முன்பே ஆடிவிடும். பஸ் மெக்கானிக்கான கணவருக்கு ஒரு தீராத குறை. "என் மூஞ்சிய ஒருநாளாவது இவ்ளோ நேரம் பாத்திருக்கியா?"

"அதுல பாக்க என்னங்க புதுசா இருக்கு?"

வலையின் நடுவில் ஒன்றுமில்லை என்றாலும், ஓரம்வரை பார்க்காமல் அவர் விடமாட்டார்.

இரண்டாம் மாடி வேதியியல்காரர் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். தீக்காயத்தில் பூச ஒரு ஜெல் வேண்டும் என்று இரண்டு வருடமாக அலைகிறார். வெந்நீரில் கரைத்த மூலக்கூறுகள் ஆறும்போது தாமாகவே கைகோத்து நூலாக வேண்டும். நூல்கள் பின்னிக்கொண்டு தண்ணீரைச் சிறைபிடிக்க வேண்டும். காகிதத்தில் எல்லாம் சரி. திரையில் பார்த்தால் வெறும் கட்டி கட்டியாக இருக்கும். ஏழாவது முறையும் அதேதான்.

"குப்பைம்மா. படம் வேணாம். இந்த மாசத்தோட மூட்ட கட்டிடப் போறேன்."

"மூணாவது தடவ கொண்டுவந்தீங்களே சார், அதுல ஓரத்துல ரெண்டு நூல் இருந்துச்சு."

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"நடுவுல பாத்துட்டு எழுந்து போயிட்டீங்க. படத்த அனுப்பினேன். தொறந்திருக்க மாட்டீங்க."

அவர் அங்கேயே குறிப்பேட்டைப் புரட்டினார். அன்று ஐஸ் பெட்டி பழுது. கொதித்த குப்பி மேசைமேல் தானாகவே ஆறியிருக்கிறது. மற்ற ஆறு முறையும் ஐஸில் வைத்துச் சட்டென்று குளிர வைத்திருக்கிறார். "நான்தான் அவசரப்பட்டுட்டேனா?" என்று முணுமுணுத்தபடி படியேறினார்.

மறுநாள் காலை ஒரு குப்பியைத் தலைகீழாகப் பிடித்தபடி வந்தார். உள்ளே இருந்தது விழவில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர்தான் என்றார்.

"அப்ப தண்ணிய யாரு சார் புடிச்சு வச்சிருக்கா?"

"அதத்தான் உங்ககிட்ட கேக்க வந்திருக்கேன்."

திரை விழித்தது. நூல்கள். தலைமயிரின் தடிமனைப் பத்தாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு மெல்லியவை. எல்லாம் ஒரே பக்கமாக முறுக்கேறி, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, திரையின் விளிம்பைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தன. நூற்றவர் இல்லை, பின்னியவர் இல்லை. சூடு ஆறியது, அவ்வளவுதான். வேதியியல்காரர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பதினான்கு வருடப் பழக்கத்தில் படமெடுக்கும் பொத்தானைத் தானாகவே அழுத்தும் போட்டோக்காரம்மாவின் விரல் அப்படியே நின்றுவிட்டது.

"தானாவா சார்?"

"தானாதாம்மா."

போட்டோக்காரம்மா எழுந்தார். கதவைத் திறந்து, நடையில் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டார். "அத அங்கயே போட்டுட்டு உள்ள வாக்கா, சீக்கிரம்!" ஈரக் கையோடு தயங்கியவரை இழுத்துவந்து, யாரையும் உட்கார விடாத தன் நாற்காலியில் உட்கார வைத்தார்.