ஐந்தேகால் வரை பணியில்

என் கணவர் ஸ்ரீகண்டன், பெங்களூரில் பதினொரு வருடம், ஒரு கருந்துளையையும் அதைச் சுற்றும் விண்மீனையும் கவனித்துவந்தார். அந்த ஜோடி எக்ஸ் கதிரில் திடீரென ஒளிர்ந்தால் அவர் கைபேசிக்குச் செய்தி வரும். சில மணி நேரத்துக்குள் ரேடியோ தொலைநோக்கியைத் திருப்பினால்தான் பயன். அவர் இருந்தவரை அது ஒளிரவில்லை.

அவர் இறந்த நாற்பதாம் நாள் காலையில் செய்தி வந்தது. அவருடைய சக ஆய்வாளர் அதிதியை அழைத்தேன்.

“ஹௌதா, நிஜமாவா அக்கா? எங்க யாருக்கும் வரலையே. சார் எங்க நம்பரைச் சேர்க்கவே இல்ல போல.”

“வீட்டுக்கு சமையல் கேஸ் புக் பண்றதும் அவர் நம்பர்லதான்மா.”

செய்தியிலிருந்த எண்களைப் படித்துச் சொன்னேன். மாலைக்குள் ரேடியோ அலைகள் பதிவாகிவிட்டன. அதிதி பதிவேட்டை அனுப்பினாள். தொலைநோக்கியைப் பயன்படுத்தும் அனுமதி அவர் பெயரில் இருந்ததால், அன்று ஐந்தேகால் வரை ஸ்ரீகண்டன் பணியில் இருந்ததாக அதில் எழுதியிருந்தது.

“மாத்தச் சொல்லட்டுமாக்கா?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.