இடது பின்சீட்

நம்பாமல் இருப்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்ஷூரன்ஸ் சர்வேயர் வேலை. முந்திரிப்பருப்பு கோடவுன் எரிந்துவிட்டது, ஜவுளிக்கடைக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது என்று யாராவது கண்ணீரோடு வந்தால், அந்தக் கண்ணீரில் எவ்வளவு தண்ணீர் என்று பார்த்து எழுதுகிற தொழில். வீட்டில் யாருக்காவது தலைவலி என்றால்கூட ஆதாரம் கேட்கிற அளவுக்கு அது எனக்குள் ஊறிப்போயிருந்தது. பேய் பிசாசு பற்றி நிறையப் படித்திருக்கிறேன், படித்ததெல்லாம் சிரிப்பதற்காக. அப்படிப்பட்டவன் இப்போது உங்களிடம் ஒன்று சொல்லப்போகிறேன், நீங்கள் எந்த முகத்தோடு கேட்பீர்கள் என்றும் தெரியும். அந்த முகத்தை வைத்துத்தான் நான் பிழைத்தேன்.

ராத்திரி, சுடுகாடு, நாய் ஊளை எதுவும் இதில் கிடையாது. நடந்தது பகலில், திருவனந்தபுரத்தில் துறைமுகம் போகும் விழிஞ்ஞம் ரோட்டில், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே.

ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கு வருகிற வியாதிகளில் பழைய சொகுசுக் காரும் ஒன்று. சிலருக்குச் சர்க்கரை வருகிறது, எனக்கு ஜெர்மன் செடான் வந்தது. வெளிநாட்டில் மகனோடு குடியேறப் போன ஒரு டாக்டரிடம் வாங்கினேன். என் புத்தி சும்மா இருக்குமா, விபத்து உண்டா, வெள்ளத்தில் மூழ்கியதா, யாராவது உள்ளே செத்தார்களா என்று தோண்டித் துருவிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். ஒரு கீறல் கிடையாது. அந்த வண்டியில் யாரும் சாகவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், நீங்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.

மற்றவர்கள் ஏகாதசி, பிரதோஷம் பார்ப்பார்கள். நான் ஆயில் மாற்றும் நாள், பிரேக் பார்க்கும் நாள், டயரில் காற்று பார்க்கும் நாள் என்று விரதம் இருந்தேன். ஒரு சின்ன ரப்பர் சாமான் வேண்டுமென்றால் டெல்லியிலிருந்து வரவேண்டும். வரும்வரை நானும் வண்டியும் போர்ட்டிகோவில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

என் மனைவி லலிதா முதல் நாளே பின்சீட்டில் இடதுபக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

“முன்னாடி வரலியா?” என்றேன்.

“இந்த மாதிரி வண்டில சுகமெல்லாம் பின்னாடிதானே, கேட்டேளா. முன்னாடி டிரைவருக்காக்கும்.”

இப்படியாக நான் வாங்கிய காருக்கு நானே டிரைவரானேன்.

முதல் வருஷமே இடது பின் டயர் உள்விளிம்பில் தேய ஆரம்பித்தது. மற்ற மூன்றும் புதிது போல இருந்தன. விழிஞ்ஞம் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கும் செல்வராஜிடம் கொண்டுபோனேன். மார்த்தாண்டத்துக்காரர். அவர் குரல் எப்போதும் சொந்த ஊருக்கும் சேர்த்துக் கேட்கும். தனக்குத் தெரியாத வண்டி இல்லை என்பார், என் வண்டி விஷயத்தில் அவர் சொன்ன ஒவ்வொன்றும் தப்பாகப் போனது.

“சாரே, தப்பா நெனைக்காதீங்க. வீட்டுல மேடம் கொஞ்சம் ஆரோக்கியமா இருக்காவளோ?”

“இருக்கா.”

“இந்தப் பக்கம்தான இருப்பாவ?”

“அதே இடம்தான்.”

“அப்பம் வண்டியக் குத்தம் சொல்லாதீங்க.”

இதை நான் லலிதாவிடம் சொல்லவில்லை. எனக்கும் உயிர் மேல் ஆசை உண்டு.

ஆனால் வண்டி காலியாக நிற்கும்போதும் அந்தப் பக்கம் தாழ்ந்தே நின்றது. ஷாக் அப்சார்பர் மாற்றினார். மறுபடி சாய்ந்தது. ஸ்பிரிங் மாற்றினார். ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. காலையில் பேப்பர் எடுக்கப் போகும்போது பார்ப்பேன், உள்ளே யாரோ முன்னாடியே ஏறி உட்கார்ந்துகொண்டு டிரைவரை எதிர்பார்ப்பது போல நிற்கும். திருவனந்தபுரம் ரோடுகளைத் திட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவேன்.

அதே சமயத்தில் லலிதா மெலிய ஆரம்பித்தாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை, உங்களுக்கும் இருந்திருக்காது. முதலில் பாராட்டுத்தான். கரமனைத் தெருவில் அவளுடைய தோழிகள் என்ன டயட் என்று கேட்டார்கள். “டயட்டும் இல்லை மண்ணும் இல்லைடி, இவரோட குடித்தனம் பண்ணிப் பாரு” என்று என்னைக் காட்டினாள். சாப்பாட்டில் குறைவில்லை. ராத்திரி நாலு தோசை, கூட எனக்கு வைத்ததில் ஒன்று. ஆனாலும் மோதிரம் கழன்று விழுந்தது, ரவிக்கைகளை மறுபடி மறுபடி பிடித்துத் தைத்தாள், பாத்ரூம் தராசில் முள் மாதத்துக்கு மாதம் இறங்கியது. மாடியிலிருந்து அவள் இறங்கி வருவது எனக்குக் கேட்காமலாயிற்று. திரும்பினால் பின்னால் நிற்பாள்.

ரத்தம், ஸ்கேன், தைராய்டு, குழாய் விட்டு ஒரு பரிசோதனை, எல்லாம் பார்த்தோம். எல்லாம் நார்மல் என்றார் டாக்டர். நார்மல் என்ற சொல் அவ்வளவு பயமுறுத்தும் என்று எனக்கு அதுவரை தெரியாது. என் மனைவி என் கண் முன்னால் கரைந்துகொண்டிருந்தாள், ஏன் என்று சொல்ல ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. வேலையிலிருந்து வந்ததும் முதலில் அவள் கை மணிக்கட்டைத்தான் பார்ப்பேன். பெயருக்குக்கூடக் கடவுளை நம்பாதவன், நேர்ந்துகொள்ள என்னென்ன இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தேன்.

காரில் உட்கார்ந்தால் மட்டும் அவளுக்குத் தெம்பு வந்தது. “ஏன்னா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா?” என்பாள், தினமும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லாறு வரை போனோம். ஆற்றங்கரையில் நிறுத்தி, இறங்கு என்றேன்.

“நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கோ. நான் இதுலயே இருக்கேன்.”

தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பழைய லலிதா. கன்னம், கழுத்துச் சதை, ரவிக்கைக் கை இறுகியிருப்பது, எல்லாம். கதவைத் திறந்தேன், மெலிந்தவள்தான் இருந்தாள். கறுப்புக் கண்ணாடி, ஆற்றோர வெளிச்சம், டிரைவரின் வயது என்று எனக்கு நானே சர்வே ரிப்போர்ட் எழுதிக்கொண்டேன்.

அடுத்த வாரம் நாலு டயரையும் புதிதாகப் போட்டு, சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்க செல்வராஜ் கடைக்குப் போனோம். லலிதாவும் வந்தாள். அவள் இல்லாமல் அந்த வண்டி அப்போதெல்லாம் எங்கும் போவதில்லை. மழை விட்டும் விடாமலும் இருந்தது. அவள் எதிரே டீக்கடையில் கட்டன் சாயா வாங்கிக்கொண்டு நின்றாள்.

இந்த மாதிரி வண்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. கோணம் பார்க்கும்போது காலியாக வைத்துப் பார்க்கக்கூடாது. ஆள் உட்கார்ந்தது போல முன்சீட்டுகளிலும் பின்சீட்டிலும் மணல் மூட்டைகளை வைத்து, வண்டி அமுங்கி நிற்கும்போதுதான் பார்க்க வேண்டும். செல்வராஜ் முன்னால் இரண்டு மூட்டைகளை வைத்து பெல்ட்டும் போட்டார். என் இடத்தில் ஒரு மணல் மூட்டை. பொருத்தமாகத்தான் இருந்தது.

பின்மூட்டையைத் தூக்குவதற்கு முன் பின்சக்கரத்துக்கும் அதற்கு மேலே உள்ள மட்கார்டு விளிம்புக்கும் நடுவே டேப் வைத்து அளந்தார். நிமிர்ந்தார். மறுபடி அளந்தார்.

“பொறத்த மூட்டைய யாரு வச்சது?”

யாரும் வைக்கவில்லை.

“மேடம் எறங்கலியா?”

“அதோ நிக்கறா.”

அவர் டீக்கடையைப் பார்த்தார், பிறகு காலி சீட்டைப் பார்த்தார். “ஸ்பிரிங் நான் போட்டதுல்லா” என்றார், தனக்குத்தானே. பின் அவருக்கே உரிய உற்சாகம் திரும்பி வந்தது. “மேடம், ஒரு நிமிசம் வந்து இதுல இருங்க பாப்பம்.”

லலிதா வந்து ஏறினாள். யார் ஏறினாலும் வண்டி கொஞ்சம் அமுங்கும், குழந்தை ஏறினாலும் அமுங்கும், இல்லையா? டேப்பைப் பிடித்திருந்தது நான். ஒரு நூல் அசையவில்லை. இறங்கினாள். அப்போதும் அசையவில்லை.

“மேடத்தப் பேப்பர்லயா செஞ்சிருக்கு?” என்று செல்வராஜ் சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லாததால் அவரே நிறுத்திக்கொண்டார். மூட்டையைத் தூக்கி வைத்தார், வண்டி அமுங்கியது. எடுத்தார், பழைய இடத்துக்கு வந்து நின்றது. என்னை உட்காரச் சொன்னார், எனக்கும் தாராளமாகவே அமுங்கியது. லலிதாவுக்கு மட்டும் இல்லை.

அந்த மனுஷரின் குரல் தணிந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். “சாரே, இதுக்கு நான் அலைன்மென்ட் பாக்கல. வண்டிய எடுத்துட்டுப் போயிருங்க.”

நான் எடுத்துக்கொண்டு போனது வீட்டுக்கு அல்ல. எரிந்த முந்திரி மூட்டைகளை எடை போட்டுப் பொய் கண்டுபிடித்தவன் நான், லாரி நிறுக்கும் எடைமேடை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். துறைமுகம் போகிற வழியிலேயே ஒன்று உண்டு. மேடையில் வண்டியை ஏற்றினேன். கொட்டகைச் சுவரில் சிவப்பு எண்கள் எரிந்தன.

“லலிதா, நீ கொஞ்சம் இறங்கு.”

இறங்கினாள். மேடையை விட்டு விலகி நின்றாள். எண் மாறவில்லை. நானும் இறங்கி விலகினேன், சரசரவென்று குறைந்தது. என் தொப்பை மட்டும் நேர்மையாகக் கணக்கில் வந்தது. வண்டியின் காலி எடை எனக்கு மனப்பாடம். அதையும் பெட்ரோலையும் டிக்கியில் கிடந்த சாமான்களையும் கழித்தேன். ஒரு மிச்சம் நின்றது. அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன், லலிதா இதைப் படிப்பாள். ஆனால் அது எனக்கு நன்றாகத் தெரிந்த எண். அவள் நன்றாக இருந்த காலத்தில் தராசில் ஏறிவிட்டு என்னிடம் சொல்லாமல் மறைத்தும், நான் எட்டிப் பார்த்துவிட்ட எண்.

நான் என்ன கணக்குப் போடுகிறேன் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சத்தியமாக. தூறலில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவள், “அது என்னோடதாக்கும்” என்றாள்.

பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். அவள் கையைப் பிடித்தேன், குடைக்கம்பி மாதிரி இருந்தது. “இந்த வண்டி வேண்டாம். இங்கயே கிடக்கட்டும். ஆட்டோல போலாம் வா.”

“என்னையா விட்டுட்டு வரச் சொல்றேள்?”

“நீதான் இங்க நிக்கறியே.”

கையை உருவிக்கொண்டாள். “பேக் உள்ள இருக்கு. எடுத்துக்கறேன்.”

பின்கதவைத் திறந்து இடுப்பு வரை உள்ளே குனிந்தாள். ஒரு பையை எடுப்பதற்கு ஆகிற நேரத்தைவிட அதிக நேரம் அப்படியே இருந்தாள். முகம் எனக்குத் தெரியவில்லை. மெல்லப் பேசுகிற மாதிரி இருந்தது, லாரி இரைச்சலில் அதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். ஸ்பிரிங் முனகியது. வண்டியின் அந்த மூலை, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெதுவாக எழுந்தது. அவள் மேடையிலிருந்து காலை எடுத்ததும் சுவரில் எண் இறங்கியது.

பெண்களின் ஹேண்ட்பேக் கனத்தைப் பற்றி நான் எத்தனையோ கிண்டல் செய்திருக்கிறேன். அன்றைக்கு மேல் செய்ததில்லை.

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். வாங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக அது நேராக நின்றது. ஆட்டோவைக் கூப்பிட்டேன். லலிதா ஒரு காலை உள்ளே வைத்தாள், ஆட்டோ அந்தப் பக்கமாகச் சரிந்து கிறீச்சிட்டது. டிரைவர் திரும்பி அவளைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான்.

“ரெண்டாள் தன்னே அல்லே, சேட்டா?”

“ரெண்டு பேர்தான்” என்றேன். அந்தப் பதிலை நான் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால் போட்டிருக்க மாட்டேன்.

காரைக் கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் பையனுக்கு விற்றுவிட்டேன். டயர் நாலும் ஒரே சீராகத் தேய்வதாகச் சொல்கிறான், இவ்வளவு நல்ல வண்டியை ஏன் சார் கொடுத்தீர்கள் என்று இப்போதும் கேட்கிறான். லலிதாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். தராசில் நிறுத்தினார். போன எடை அத்தனையும் திரும்பி வந்திருந்தது. பார்த்தீர்களா, கவலைப்பட ஒன்றுமில்லை என்றேனே என்று அவருக்கு ஒரே சந்தோஷம். தராசைப் பார்த்தார், மேலே நின்றவளைப் பார்க்கவில்லை. அவள் அப்போதும் எலும்பும் தோலுமாகத்தான் இருந்தாள். இப்போதும் அப்படித்தான் இருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள், என்னைக் கிண்டல் செய்கிறாள். மாடிப்படியில் இறங்கி வந்தால் கீழே அலமாரியில் பாத்திரம் அதிர்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கண்ணயரும்போது தூக்கத்தில் என் மார்பில் கையைப் போட்டுக்கொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து உள்ள பழக்கம். போன வாரமும் போட்டாள். மெலிந்த கை, வளையல்கள் முழங்கை வரை வழுக்கிப் போயிருந்தன. எனக்கு மூச்சு முட்டியது. மெதுவாக எடுத்து ஓரமாக வைக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன்.

“என்னன்னா?” என்றாள், கண்ணைத் திறக்காமல்.

“ஒண்ணுமில்லை, தூங்கு” என்றேன்.

அவளாக எடுக்கும்வரை அசையாமல் கிடந்தேன்.