பானைக்குள் சீனி

மூன்று நாளாகத் தேநீர் மேசையில் சீனி காணாமற் போய்க்கொண்டிருந்தது. காகித உறையில் வரும் ஒரு கரண்டிச் சீனிதான். ஆனாலும் கியூபெக்கின் புவாண்ட்-கிளேர் ஊரில் இருக்கும் இந்தக் கிடங்கில் நான் மேற்பார்வையாளன். எனக்கென்று இருக்கும் ஒரே அதிகாரம் சுவரில் அறிவித்தல் ஒட்டுவது. ஒட்டினேன், இரண்டு மொழியில், நான்கு பிழையோடு. சந்தேகம் முழுவதும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கியூபெக்காரர் மேல். இளமையை எல்லாம் துப்பறியும் நாவல்களில் செலவழித்தவனுக்கு ஆதாரம் எதற்கு?

அந்த வாரம் நாங்கள் கட்டிக்கொண்டிருந்தவை அரசாங்கத்தின் நிவாரணப் பெட்டிகள். போர் நடக்கும் நாடொன்றில் வீடிழந்த குடும்பங்களுக்கு. பெட்டிக்கு ஒரு பெரிய பானை, மூடி, தட்டுகள், தனிப் பையில் அகப்பையும் கரண்டிகளும். வெள்ளிக்கிழமை பின்னேரம் டோர்வல் விமான நிலையத்திலிருந்து விமானம். தவறவிட்டால் அடுத்தது இரண்டு கிழமை கழித்து. அதுவரை அந்தக் குடும்பங்கள் எதில் சமைப்பது?

வெள்ளி காலை சரிபார்க்க ஓர் அதிகாரி அம்மா வந்தார். கைக்கு அகப்பட்ட பெட்டியைத் திறந்து, பானையின் மூடியைத் தூக்கினார். உள்ளே ஒரு சீனி உறை. அடுத்த பானையிலும் ஒன்று. ‘உணவுப்பொருள் எதுவும் இல்லை’ என்று உறுதிசொல்லும் தாளில் இருந்த கையெழுத்து என்னுடையது. அழகான கையெழுத்து வேறு.

உணவென்றால் வேறு பத்திரங்கள் வேண்டும் என்றார் அவர். பிற்பகல் இரண்டு மணிக்குள் அத்தனை சீனியையும் எடுக்காவிட்டால் பெட்டிகள் இன்று ஏறாது.

நான் திரும்பிப் பார்த்தேன். பானைகளைப் பெட்டியில் அடுக்கும் மேசையருகே நின்ற மன்னார் அக்கா தன் சப்பாத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“அக்கா, நீங்களோ?”

“ஓம் தம்பி. வெறும் ஏனத்தை ஆருக்கும் குடுக்கிறதோ? உங்கட வீட்டில குடுப்பினமோ?”

“இது அரசாங்கம் குடுக்கிறது அக்கா.”

“அரசாங்கத்துக்குத் தெரியாட்டி நாங்கள்தானே சொல்லிக் குடுக்கவேணும்.” பிறகு குரல் தணிந்தது. “முகாமில எனக்கும் இப்பிடி ஒண்டு தந்தவை. உள்ளுக்கு ஒண்டுமில்லை எண்டு தெரிஞ்சும் கையை விட்டுத் துழாவினனான்.”

இதை நான் அதிகாரிக்குப் பிரெஞ்சில் சொன்னேன். என் பிரெஞ்சு மூலைக்கடையில் பால் வாங்கப் போதும்; பானையின் மரியாதையை விளக்கப் போதாது. ஆகவே ஒரு பானைக்குள் கையை விட்டுத் துழாவியும் காட்டினேன். அதிகாரி, “சட்டம் சட்டம்தான்,” என்றார். சொல்லிவிட்டுக் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டு, முதல் பெட்டியைத் தானே பிரித்தார்.

கிடங்கு முழுவதும் கூடிவிட்டது. கியூபெக்காரர் ஒவ்வோர் உறையையும் எடுத்து என் மூக்குக்கு நேரே ஆட்டி, “கள்ளனைப் பிடிச்சாச்சா, முசியூ?” என்று பிரெஞ்சில் கேட்டார். ஐம்பது தடவையாவது கேட்டிருப்பார். ஐம்பது தடவையும் எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும்தான்.

ஒரு மணிக்குப் புதுச் சிக்கல். அக்கா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“சீனியை எடுத்தது சரி. ஆனா வெறுமையா மூடமாட்டன்.”

கியூபெக்காரர் என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். அவர் கரண்டிப் பையை எடுத்துப் பானைக்குள் போட்டார். எல்லோரும் அதிகாரியைப் பார்த்தோம். அவர் பட்டியலை இரண்டு தடவை படித்தார். கரண்டி இருக்க வேண்டும் என்றுதான் இருந்தது; எங்கே இருக்க வேண்டும் என்று இல்லை.

“கரண்டி எண்டாப் பறவாயில்லை,” என்றார் அக்கா. “சாப்பாடு வரும் எண்டு அர்த்தம்.” மூடியைப் போட்டார்.

இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் லொறி புறப்பட்டது. வாசல் மேட்டில் ஏறி இறங்கியபோது அத்தனை பானைகளும் கலகலத்தன, கல்யாண வீட்டுச் சமையற்கட்டு ஒன்று எழுந்து விமானம் பிடிக்கப் போவதுபோல். அக்கா சத்தம் தேயும்வரை வாசலில் நின்றார்.

நான் அறிவித்தலைக் கிழித்துப் போட்டு, பரிகாரமாக எல்லோருக்கும் தேநீர் ஊற்றினேன். மலைபோல் சீனி. அதிகாரி மூன்று உறை போட்டார். கியூபெக்காரருக்கு நான்கு நீட்டினேன்.

அவர் கையால் தடுத்தார். அவர் சீனியே சேர்ப்பதில்லையாம். ஆறு வருடமாக அவர் பக்கத்தில் நின்றுதான் தேநீர் குடிக்கிறேன்.