ஊற்றுக்காட்டுக்கு வந்த பரிதா

பரிதாவைப் பார்த்த முதல் நாளே வீராயிக்குப் பிடிக்கவில்லை. நாகலூர் ரோட்டிலிருந்து காபித் தோட்டத்துக்குள் இறங்கும் மண்பாதையில், செருப்பைக் கையில் பிடித்தபடி சேற்றுக்குள் இறங்கி ஊற்றுக்காட்டுக்கு வந்தாள் பரிதா. வீடுகளைப் போட்டோ எடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு மிட்டாய் நீட்டவில்லை. நேராக ஊற்றடிக்குப் போய் நின்று, "கோடையிலயும் தண்ணி வருங்களாக்கா?" என்று கேட்டாள்.

குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே வீராயி பதிலுக்குக் கேட்டாள். "ஏனுங்க, நீங்க எந்த ஆபீஸுங்க?"

"ஆபீஸெல்லாம் இல்லீங்க. டவுன்ல, ஒண்டிக்கடைப் பக்கந்தான் ஊடு. சின்னதா ஒரு டிரஸ்ட் வெச்சிருக்கேன்."

டிரஸ்ட் என்ற சொல்லை வீராயி முன்பே கேட்டிருக்கிறாள். சில வருஷங்களுக்கு முன்னால் ஒருவர் இப்படித்தான் வந்தார். பள்ளிக்கூடம் கட்டித் தருகிறேன் என்றார். ஊரே கூடி மேட்டில் இருந்த சமதரையைக் காட்டியது. இப்போது அந்த இடத்தில் ஒரு ரிசார்ட்டின் கார்கள் நிற்கின்றன.

டவுன் ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை வீராயிக்கு. அங்கே நாலு பேரிடம் விசாரித்தாள். பரிதாவின் அப்பா ஒண்டிக்கடையில் போர்வைக் கடை வைத்திருந்தவர். பரிதா வேறொரு ஹோட்டலில் ரிசப்ஷனில் இருந்தாள். அவளோடு வேலை செய்த கீர்த்திகா ஊற்றுக்காட்டுப் பெண். நிறைமாதத்தில் வலி எடுத்தபோது வண்டி இறங்கப் பாதை இல்லை. போர்வையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஏறுவதற்குள் பிள்ளை போய்விட்டது. அதன் பிறகுதான் பரிதா வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கினாளாம்.

அந்தப் போர்வையின் ஒரு முனையைப் பிடித்தவள் வீராயி. கேட்டதும் மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. எங்கள் துக்கத்தைத் தெரிந்துகொண்டு வருகிறவளிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று தோன்றியது.

ஆனாலும் வேலை நடந்தது. ஊற்றைச் சுற்றிப் புதர் வெட்டினார்கள். ஊற்றுத் தண்ணீரைத் தேக்க ஒரு தொட்டி எழுந்தது. பூட்டிக் கிடந்த பாலவாடிக் கட்டடத்தைத் திறந்து, சாயங்காலத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தாள் பரிதா. வீராயி தினமும் வாசலில் நின்று பார்ப்பாள். இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி மட்டும் அவளை விடவில்லை.

தொட்டியிலிருந்து தெருவுக்குக் குழாய் பதிக்க வேண்டிய சமயம். ஹோட்டலில் மேஜை விரிப்பு மாற்றப் போன வீராயி, கண்ணாடி ஓரத்து மேஜையில் பரிதாவைப் பார்த்துவிட்டாள். எதிரில் அந்த ரிசார்ட்டின் மேனேஜர். நடுவில் ஒரு வரைபடம். ஊற்று, தொட்டி, பாதை, எல்லாம் அதில் இருந்தன. "பாதி தண்ணி போதும் மேடம்" என்றான் அவன். பரிதா தலையை ஆட்டினாளா, குனிந்தாளா என்று வீராயிக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. குழி வெட்டிக்கொண்டிருந்த கருப்பண்ணன் மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டான். மறுநாள் பரிதா வந்தபோது எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வீராயிதான் வழியை மறித்து நின்றாள்.

"தண்ணிய வித்துப்போட்டீங்களா?"

பரிதாவின் முகம் வெளிறியது. "இல்லீங்கக்கா. பாதி தண்ணி குடுத்தா ரோடு போட்டுத் தர்றேன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"முடியாதுன்னு சொல்லல. யோசிச்சு சொல்றேன்னேன். ரோடு நொம்ப அவசியமுங்க. கீர்த்திகாவ நெனச்சேன்."

அவள் பொய் சொல்லியிருந்தால் வீராயிக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எங்க தண்ணியப் பத்தி யோசிக்கறதுக்கு நீங்க யாருங்க?"

பரிதா பாதியில் நின்ற குழியைப் பார்த்தாள். பிறகு, "கேட்டிருக்கோணும். கேக்கல" என்றாள்.

"அவரை இங்க வரச் சொல்லுங்க. எங்க முன்னாடி பேசட்டும்."

மேனேஜர் வந்தான். தொட்டியடியில் ஊரே உட்கார்ந்திருந்தது. ரோடு, தெருவிளக்கு என்று இனிக்க இனிக்கப் பேசினான். அவன் முடித்ததும் பரிதா எழுந்து கேட்டாள்: "கோடையில தண்ணி சுருங்கிப்போச்சுன்னா மொதல்ல யாருக்குங்க? இவங்களுக்கா, உங்க ரூமுக்கா?" அவன் மழுப்பினான். ஊர் சிரித்தது. அவன் கிளம்பிப்போனான்.

வீராயி சிரிக்கவில்லை. நாங்கள் உட்கார்ந்திருக்காவிட்டால் இந்தக் கேள்வியை இவள் கேட்டிருப்பாளா என்று பரிதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழாய் பதித்து முடிந்தது. தெருமுனையில் தண்ணீர் கொட்டியது. பாதை மட்டும் வரவில்லை. பாதைக்காக இனி யாரைப் பார்க்கப் போனாலும் வீராயியும் கூட வர வேண்டும் என்று பரிதா கேட்டுக்கொண்டாள். கண்காணிக்க நல்ல வழி என்று வீராயியும் ஒப்புக்கொண்டாள். லீவு போட்டுவிட்டு ஆபீஸ் ஆபீஸாகப் போனாள். வெயிலில் நின்றாள். நாளைக்கு வாங்க என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு அலைந்ததில் அவளுக்கும் கால் வீங்கியது.

ஒரு நாள் குழாயடியில் பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு கேட்டாள். "அந்தம்மாகூடவே சுத்தறியே வீராயி, உனக்கு என்ன கெடைக்குது?"

வீராயிக்குச் சுருக்கென்றது. திட்ட வாயெடுத்தாள். கேட்டவளின் கண்களில் தன் பழைய சந்தேகத்தையே பார்த்ததும் திட்ட வரவில்லை. பாதி நிரம்பிய குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அடுத்த வாரம் சேலத்துக் கலெக்டர் ஆபீஸுக்குப் புறப்பட்டபோது, வீராயி போகிற வழியில் சின்னப்பொண்ணு வீட்டு வாசலில் நின்றாள்.

"சீலைய மாத்திக்கிட்டு வாடி. நீயும் வந்து பாரு."

சின்னப்பொண்ணு யோசித்தாள். பிறகு வந்தாள். பஸ் மலை இறங்கும் வரைக்கும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. முன் இருக்கையில் அருகருகே இருந்த பரிதா, வீராயி இருவரின் தலைகளையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தாள்.