மீசை வச்ச வள்ளி

இந்த அரபு நாட்டுல, ராஸ் அல் கைமாவுல, நான் வள்ளி வேசம் கட்டிப் பாடி, ஒரு லேபர் கேம்பையே அழ வச்சவன் தெரியுமா? சும்மா சொன்னேங்க. சேலை கட்டுனதுதான் நான். பாடுனது செண்பகக்கா.

இன்னிக்கு ரோலா லாண்டரியில ஒரு பூப்போட்ட பெட்ஷீட்டத் தேச்சேன். சூட்டுல துணி வாசம் கெளம்புச்சு, அக்கா ஞாபகமும் கூடவே கெளம்பிருச்சு.

புதுக்கோட்டைப் பக்கம் திருவிழா நாடகம்னா வள்ளிக்கு அக்காதான். கடைசியில பாய் விரிச்சுப் படுத்தவனும் அது குரலுக்கு எந்திரிச்சு உக்காருவான். புருசன் செத்தப்புறம் இங்க ஒரு இஞ்சினியர் வீட்டுக்குச் சமைக்க வந்துச்சு. ரெண்டாயிரத்து நாலு இருக்கும். நான் அப்ப டைல்ஸ் கம்பெனியில லோடு தூக்குறேன். கேம்ப்ல பொங்கல் புரோகிராம், பாடுக்கான்னு கெஞ்சுனோம்.

"மூஞ்சியக் காட்ட மாட்டேன்டா. மகளுக்கு எடம் அமைஞ்சிருக்கு. நாடகக்காரி மகள்னு தெரிஞ்சா கல்யாணம் நின்னுரும்."

ஒருத்தன் ஊருக்கு அனுப்ப ஹேண்டிகேம்ல வேற புடிக்கிறான். அதனால மேடையில பெட்ஷீட்டக் கட்டி, அக்கா உள்ள, நான் வெளிய. கட்டிட்டு வந்த சேலைய எனக்குக் குடுத்துட்டு, நைட்டிக்கு மேல துண்டப் போட்டு நின்னுச்சு. மீசைய மட்டும் நான் எடுக்கல. அழகனாச்சே!

அக்கா பாட, நான் வாயசைக்க, கூட்டம் கண்ணத் தொடைக்குது. பாதிப் பாட்டுல சிமெண்ட் கம்பெனி ஆளு ஒருத்தர் சென்ட் பாட்டிலோட மேடையேறி ஆர்மோனியக்காரர் காதுல என்னமோ சொன்னாரு. ஊரு நாடகத்துல அன்பளிப்பு சொல்ற வழக்கப்படி ஆர்மோனியக்காரரும் அத மைக்ல சொன்னாரு:

"செண்பகம் அம்மாவுக்கு, மாப்பிள்ளையோட தாய்மாமன் அன்பளிப்பு!"

உள்ள குரல் நின்னுபோச்சு. நான் மட்டும் வாய அசைச்சுக்கிட்டே இருக்கேன்.

"மூடுப்பா வாய," ன்னாரு அந்த ஆளு. "இந்தக் குரல எங்கூருத் திருவிழாவுல கேட்டு வளந்தவன் நான். இந்தக் குரலு பெத்த பொண்ணு மருமகளா வர எங்களுக்குக் கசக்குமா? சம்மந்தியம்மா, வெளிய வாங்க."

பெட்ஷீட்டுக்குள்ளேருந்து அக்கா குரல், "அண்ணே, சேலை அவன்கிட்டல்ல இருக்கு!"

கேம்பே உருண்டு சிரிச்சுச்சு. நான் அங்கயே அவுத்து உள்ள தள்ளிட்டு, லுங்கியோட நின்னேன்.

அந்தக் கேம்ப இடிச்சு இப்ப கோடவுன் கட்டிட்டாங்க. கூட இருந்தவங்க எங்கெங்கயோ. அக்காவும் போன வருசம் போய்ச் சேந்துருச்சு, பேரன்தான் நெய்ப்பந்தம் புடிச்சானாம். அன்னிக்குச் சேலையக் கட்டி வெளிய வந்து, வள்ளி பாட்டு பாடல அக்கா. மகளுக்கு நலங்குப் பாட்டு, நின்ன எடத்துல சொந்தமாக் கட்டுனது. மொத அடிக்கே அந்தத் தாய்மாமன் துண்டால மூஞ்சியப் பொத்திக்கிட்டாரு. ரெண்டாவது அடி இருக்கே, அது...

"யல்லா, சீக்கிரம்! கஸ்டமர் நிக்கிறாரு, அங்க என்னடா பேச்சு?"

இந்தா வந்துட்டேன் மொதலாளி பாய்!