முப்பது இடிக்கு மேல் கிடையாது

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு முப்பது அக்கா என்று பெயர். வயது என்னவோ ஐம்பத்து மூன்று. முப்பது என்பது இடியின் கணக்கு. செல்களைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, பனிக்கட்டியில் புதைத்து, கண்ணாடித் தண்டால் சரியாக முப்பது முறை இடிப்பாள். அப்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் எரித்துவிடுவது போலப் பார்ப்பாள். பெரிய பட்டம் எதுவும் கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஒப்பந்தத்திலேயே இருபது வருஷம் ஓட்டிவிட்டாள்.

இடிப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் கோபம் வரும். செல்லுக்குச் சக்தி தருவது அதற்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. அதற்குள் சைட்டோகுரோம் சி என்றொரு புரதம் அது பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். செல் தேற வழியில்லாமல் கெட்டுப்போனால், வேறு சில புரதங்கள் சேர்ந்து மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சுவரில் ஓட்டை போடும். சைட்டோகுரோம் சி வெளியே கசியும். அவ்வளவுதான், செல்லைத் துண்டு போடும் நொதிகள் விழித்துக்கொள்ளும். செல் தன் கதையைத் தானே முடித்துக்கொள்ளும். அப்படிக் கசிந்ததா என்று பார்க்கத்தான் செல்லை இடித்து உடைப்பது.

ஆய்வுக்கூடத் தலைவரான பேராசிரியரின் புது மருந்து புற்றுநோய்ச் செல்லில் இதைத்தான் செய்கிறதாம். கட்டுரையும் தயார். மருந்து போட்ட செல்லில் சைட்டோகுரோம் சி வெளியே வந்ததற்கு அடையாளமாகப் படத்தில் கருப்புப் பட்டை பளிச்சென்று விழுந்திருந்தது. மருந்து போடாததில் ஒன்றுமே இல்லை. எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அக்காவுக்கு மட்டும் உறுத்தியது. மருந்து போடாத செல்லை இடித்தது அவள். போட்டதை இடித்தது, அவசரத்துக்குப் பேர்போன ஆராய்ச்சியாளர் ‘எக்ஸ்பிரஸ்’.

"எத்தனை இடி இடிச்சீங்க தம்பி?"

"யாரு எண்ணினாங்கக்கா? நல்லா உடையட்டும்னு ஒரு அறுபது இருக்கும்."

"செல்லுதான் உடையணும். உள்ள இருக்கிற மைட்டோகாண்ட்ரியாவையும் சேத்து நொறுக்கிட்டீங்களே!"

மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளறையில் இன்னொரு புரதம் உண்டு. வெளிச்சுவர் ஓட்டையால் அது வராது. மொத்தமாக நொறுங்கினால்தான் கொட்டும். மிச்சமிருந்த மாதிரியை யாரிடமும் கேட்காமல் எடுத்துச் சோதித்தாள். அதுவும் கொட்டிக் கிடந்தது. அதோடு விடவில்லை. புதுச் செல்லுக்கு மருந்து போட்டு, தானே முப்பது இடி இடித்தாள். மூன்று முறை செய்தும் பட்டை விழவில்லை.

படங்களைப் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதெல்லாம் உங்க வேலையாம்மா? பேசாம உள்ள வைங்க. உங்க ஒப்பந்தக் கடிதம் என் மேசையிலதான் இருக்கு."

வீட்டில் கணவரிடம் சொன்னாள். பஸ் ஓட்டுபவர், வம்பு தும்புக்குப் போகாத மனுஷன்.

"வாயை மூடிட்டு இருந்தா என்ன குறைஞ்சிடும்?" என்றார்.

"சாகாத செல்லைச் செத்துச்சுன்னு எழுதுறாங்க. நாளைக்கு இதை நம்பி எவனாவது நோயாளி முழுங்குவான்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "அப்ப விடாத," என்றார்.

அந்த ஆய்வுக்கூடத்தில் பக்க எண் அச்சடித்த நோட்டில் ஏறி, தலைவர் கையெழுத்தும் தேதியும் விழுந்தால்தான் ஒரு முடிவு முடிவாகும். மறுநாள் காலை அக்கா எல்லாப் படங்களையும் ஒட்டி, மையால் எழுதி, நோட்டைப் பேராசிரியர் முன் விரித்தாள்.

"வச்சிட்டுப் போங்க. அப்புறம் பாக்கலாம்."

"அப்புறம்னா பக்கமே இருக்காது சார். நான் நிக்கிறேன்."

நின்றாள். அவர் போன் பேசினார், கடிதம் படித்தார், காபி வரவழைத்துக் குடித்தார். அக்காவுக்கு முழங்கால் விண்ணென்று தெறித்தது. பயமும் இருந்தது, இல்லாமல் என்ன? ஆனால் அசையவில்லை. பதினொன்றரைக்கு எக்ஸ்பிரஸ் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். நோட்டைத் தன் பக்கம் இழுத்து, ‘அறுபது இடி இடித்தது நான்தான்’ என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பேராசிரியர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கி, பக்கத்தின் அடியில் கிறுக்கினார். பிறகு ஒப்பந்தக் கடிதத்தை எடுத்து, அவள் கண்ணெதிரே நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"இந்த மாசத்தோட சரி. போதுமா? வேற என்ன வேணும்?"

அக்கா நோட்டைத் தன் பக்கம் திருப்பி, கையெழுத்தை உற்றுப் பார்த்தாள்.

"தேதி போடலையே சார்," என்றாள்.